பருப்பும் ரொட்டியும்: அமிர்தசரஸ் தரும் பாடம்

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் செல்பவர் முதலில் பாதணிகளைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அவற்றை வாங்கி அடுக்கி வைப்பவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் அல்லர். வியாபாரிகளும் உத்தியோகத்தர்களும் கமக்காரரும் தங்கள் முறை வரும்போது வந்து, முன்பின் அறியாதவர்களின் செருப்பைக் கையால் வாங்கி வைக்கிறார்கள். பின்னர் தலையைத் துணியால் மூடி, வாசலில் ஓடும் நீரில் கால்களை நனைத்து, படிகளில் கீழே இறங்க வேண்டும். பெரும்பாலான கோயில்களுக்கு ஏறிச் செல்கிறோம். இங்கே இறங்கிச் செல்கிறோம். கோயிலுக்கு நான்கு திசைகளிலும் வாசல் உண்டு. எத்திசையிலிருந்து எவர் வந்தாலும் தடையில்லை என்பதே அதன் பொருள் என்று சீக்கியர் சொல்வர்.

சில ஆண்டுகளுக்கு முன் பஞ்சாப் சென்றபோது நானும் அவ்வாறு இறங்கினேன். தடாகத்தைச் சுற்றி நடந்த பின், கூட்டத்தோடு கூட்டமாக லங்கர் எனப்படும் பொது உணவுச்சாலைக்குச் சென்றேன். கையில் ஒரு தட்டைத் தந்தார்கள். தரையில் நீளமாக விரித்த பாயில் வரிசையாக அமர்ந்தோம். எனக்கு ஒரு பக்கத்தில் நல்ல உடை அணிந்த முதியவர் ஒருவர். மறுபக்கத்தில் மூட்டை தூக்குபவர் போலத் தோன்றிய இளைஞர். பருப்பு வந்தது. ரொட்டி வந்தது. ரொட்டியைத் தட்டில் போடுவதில்லை. இரு கைகளையும் ஏந்திப் பெற வேண்டும். பணக்காரரும் ஏந்துகிறார், ஏழையும் ஏந்துகிறார். பெயரோ சாதியோ சமயமோ ஒருவரும் கேட்கவில்லை. சாதாரண நாளிலேயே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு உண்கின்றனர். விழா நாட்களில் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டும்.

இதைப் பார்த்து வியந்து எழுதியவர்கள் பலர். நானும் வியந்தேன். ஆனால் நான் எழுத விரும்புவது அந்த வியப்பைப் பற்றியல்ல. என் கையில் விழுந்த ரொட்டியையும் தட்டில் ஊற்றப்பட்ட பருப்பையும் பற்றியே எழுத விரும்புகிறேன்.

உழவரின் நகரம்

அமிர்தசரஸ் நகரை 1577இல் நிறுவியவர் சீக்கியரின் நான்காவது குருவான ராம்தாஸ். அவர் வெட்டுவித்த தடாகமே நகருக்குப் பெயர் தந்தது. 'அமிர்தத் தடாகம்' என்பது அதன் பொருள். ஐந்தாவது குருவான அர்ஜன் தடாகத்தின் நடுவே கோயிலைக் கட்டி, 1604இல் புனித நூலை அங்கே வைத்தார். பொன் தகடு போர்த்தப்பட்டது பின்னர், மன்னர் ரஞ்சித் சிங்கின் காலத்தில். கோயிலுக்கு அருகிலேயே ஜாலியன்வாலா பாக் உள்ளது. 1919 ஏப்ரல் 13ஆம் திகதி பிரித்தானியப் படை சுட்டதில் இறந்தோர் 379 பேர் என்று அரசே ஒப்புக்கொண்டது. உண்மைத் தொகை அதைவிடப் பெரிது என்பது மக்களின் உறுதியான கருத்து. அன்று வைசாகி, அதாவது கோதுமை அறுவடைக் காலத் திருநாள். கிராமங்களிலிருந்து திருவிழாவுக்கும் சந்தைக்கும் வந்த உழவர் பலர் அக்கூட்டத்தில் இருந்தனர். 1984 யூனில் இந்திய இராணுவம் கோயில் வளாகத்தினுள் புகுந்ததால் ஏற்பட்ட காயமும் இந்நகருக்கு உண்டு. இத்தனைக்கும் நடுவில் லங்கரின் அடுப்பை மக்கள் அணையவிடவில்லை.

சீக்கிய சமயம் உழவரோடு ஒட்டிப் பிறந்தது. முதல் குருவான நானக் (1469–1539) நெடும் பயணங்களை முடித்துக்கொண்டு, ராவி நதிக்கரையில் உள்ள கர்த்தார்பூரில் தம் இறுதிக் காலத்தில் தாமே நிலத்தை உழுது வாழ்ந்தார். இறைவன் பெயரை நினை, நேர்மையாக உழைத்து உண், உள்ளதைப் பகிர்ந்து உண் என்பவையே அச்சமயத்தின் மூன்று தூண்கள். லங்கர் மூன்றாவது தூணின் கண்கண்ட வடிவம். அது இரண்டாவது தூணின் மேல்தான் நிற்கிறது. உழைப்பும் விளைச்சலும் இல்லாமல் பகிர்வு இல்லை.

அந்த விளைச்சலுக்கு இன்று என்ன நேர்ந்துள்ளது?

பருப்பு எங்கே போயிற்று?

1960களின் தொடக்கத்தில் இந்தியா பிறநாட்டுக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து வாழ்ந்தது. அந்நிலையை மாற்றியது பஞ்சாப். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 தொன் குட்டை இனக் கோதுமை விதை வந்தது. லுதியானா விவசாயப் பல்கலைக்கழகம் அதை நாட்டுக்கு ஏற்பப் பக்குவப்படுத்தியது. பக்ரா அணையின் நீர் வாய்க்காலில் ஓடியது. விளைந்ததை நிச்சயிக்கப்பட்ட விலைக்கு அரசு வாங்கியது. இந்தியப் பரப்பில் ஏறத்தாழ 1.5 வீதமே உள்ள மாநிலம் நாட்டின் களஞ்சியம் ஆயிற்று. பசியைக் கண்டவர்கள் இச்சாதனையை இகழ மாட்டார்கள். நானும் இகழவில்லை.

ஆனால் கோதுமையைத் தொடர்ந்து நெல் வந்தது. பஞ்சாபியரின் உணவு ரொட்டி, சோறு அல்ல. 1960இல் அங்கே நெல் விளைந்த நிலம் ஏறத்தாழ 2.3 இலட்சம் ஹெக்டேயர் மட்டுமே. இன்று அது 30 இலட்சம் ஹெக்டேயருக்கும் மேல். நெல்லை அரசு வாங்குகிறது. ஆகவே நெல் விதைக்கப்படுகிறது. அதே காலத்தில் கடலை முதலிய பருப்பு வகைகள் விளைந்த நிலம் சுமார் 9 இலட்சம் ஹெக்டேயரிலிருந்து மிகச் சிறிய அளவாகச் சுருங்கிவிட்டது. பருப்புக்கு ஆதரவு விலை தாளில் உண்டு. அவ்விலைக்கு வாங்குவார் சந்தையில் இல்லை.

பருப்பும் ரொட்டியும் பஞ்சாபியரின் அன்றாட உணவு. இன்று ரொட்டி அவர்களுடைய மண்ணில் விளைகிறது. பருப்போ பெரும்பாலும் வேறு மாநிலங்களிலிருந்தும், சில வேளை கடல் கடந்தும் வருகிறது. மண்ணுக்குத் தழைச்சத்தைத் திருப்பித் தரும் பயிரை வெளியேற்றிவிட்டு, மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் எடுக்கும் இரு பயிர்களை மட்டும் மாறி மாறிச் செய்யும் முறை அங்கே வேரூன்றிவிட்டது.

சட்டமும் நெருப்பும்

நெல்லுக்கு வேண்டிய நீர் எங்கிருந்து வருகிறது? மழை போதாது, வாய்க்காலும் போதாது. ஏறத்தாழ 14 இலட்சம் குழாய்க்கிணறுகள் நிலத்தடி நீரை இறைக்கின்றன. 1997 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆண்டுதோறும் நிலத்தினுள் ஊறிச் சேரும் நீரில் எடுக்கத்தக்கது நூறு பங்கு என்றால், எடுக்கப்படுவது நூற்றைம்பது பங்குக்கும் மேல். அளவிடப்பட்ட நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வட்டாரங்களுள் நூற்றுப்பத்துக்கு மேற்பட்டவை அளவு மீறி இறைக்கப்படுபவை என்று இந்திய நிலத்தடி நீர் வாரியமே கணக்கிட்டுள்ளது. நீர் இறங்க இறங்கக் கிணற்றை ஆழமாக்க வேண்டும். பெரிய மோட்டார் வாங்க வேண்டும். அதற்குக் கடன். பணமுள்ளவர் ஆழத்துக்குப் போகிறார். அயலில் உள்ள சிறு கமக்காரரின் கிணறு வற்றுகிறது. மேலே பந்தியில் அனைவரும் சமம். நிலத்தின் கீழே அச்சமத்துவம் இல்லை.

நீரைக் காப்பதற்காக 2009இல் ஒரு சட்டம் வந்தது. கொடிய வெயில் காலத்தில் நாற்று நடக்கூடாது; யூன் மாதத்தில் குறித்த நாளுக்குப் பின்னரே நடலாம் என்றது அது. நோக்கம் நல்லது. ஆனால் நடுகை பிந்தியதால் அறுவடையும் பிந்தியது. நெல் அறுத்து, அடுத்த கோதுமையை விதைப்பதற்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரங்களே. அறுவடை இயந்திரம் கதிரை எடுத்துக்கொண்டு தாளை வயலிலேயே விட்டுச் செல்கிறது. அதை அகற்ற ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஒரு தீக்குச்சியால் வேலை முடிகிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அப்புகை டில்லி வரை செல்கிறது. நகரத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு கமக்காரரை ஏசுகிறார்கள். ஒரு முடிச்சை அவிழ்க்கப் போய் இன்னொன்று இறுகிய கதை இது.

யாரைக் குற்றஞ்சாட்டுவது?

கமக்காரரின் பேராசையே காரணம் என்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. நெல்லை விதை என்று சொன்னவர் யார்? விலை நிச்சயித்தவர் யார்? மின்சாரத்தை இலவசமாக்கியவர் யார்? இந்த வழி ஆபத்தானது என்பதும் புதிதாகத் தெரியவந்ததன்று. பொருளியலாளர் ஜோல் தலைமையிலான குழு 1986இலேயே, கோதுமை நெல் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை வேறு பயிர்களுக்கு மாற்றுமாறு கூறியது. அறிக்கை தூங்கியது, நெல் பெருகியது.

2020 செப்டெம்பரில் இந்திய அரசு மூன்று விவசாயச் சட்டங்களை இயற்றியபோது பஞ்சாப் உழவர் கொதித்தெழுந்தனர். அரசு கொள்முதல் மெல்ல மெல்ல மறைந்து, பெரிய நிறுவனங்களின் கையில் தாம் அகப்படுவோம் என்பது அவர்களது அச்சம். நவம்பர் இறுதியிலிருந்து ஓராண்டுக்கு மேல் டில்லி எல்லையில் உழவு இயந்திரங்களோடு தங்கினர். அங்கும் லங்கர் நடந்தது. சுற்றுப்புறச் சேரிப் பிள்ளைகளும் வந்து உண்டனர். 2021 நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அவர்களது அச்சம் நியாயமானது, அவர்களது வெற்றியும் நியாயமானது என்பதே என் எண்ணம். ஆனால் அவர்கள் காப்பாற்றிய கொள்முதல் முறையே அவர்களது கிணற்றையும் வற்றச் செய்கிறது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றாகப் பேச அரசியல்வாதிகள் எவருக்கும் துணிவில்லை.

பேசப்படாத இன்னொன்றும் உண்டு. பஞ்சாப் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர். இந்திய மாநிலங்களுள் இதுவே மிகக் கூடிய விகிதம். லங்கரில் அவர்கள் எவரோடும் சேர்ந்து அமரலாம். ஆனால் காணியில் அவர்களது பங்கு மிகச் சொற்பம். கிராமப் பொதுக்காணியில் மூன்றில் ஒரு பங்கை அவர்களுக்கே குத்தகைக்கு விடவேண்டும் என்ற விதியை நிறைவேற்றக்கூட அவர்கள் போராட வேண்டியிருக்கிறது. நாற்று நடுபவர்களில் பலர் பீகார் முதலிய இடங்களிலிருந்து பருவந்தோறும் வரும் கூலியாட்கள். ஒரு வேளை உணவில் கிடைக்கும் சமத்துவம் வயல் வரப்பில் நின்றுவிடுகிறது.

பந்தியை நீட்ட வேண்டும்

இதனால் லங்கர் வெறும் வேடம் என்று சொல்லலாமா? கூடாது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமூகம் தன் கையால் மாவு பிசைந்து, பிறர் உண்ட தட்டைக் கழுவி வருகிறது. அது பெரிய செல்வம். தடாகத்தில் சேறு சேரும்போது ஆயிரக்கணக்கானோர் இறங்கிக் கையாலும் கூடையாலும் அள்ளித் தூய்மையாக்குகின்றனர். அதைத் திருப்பணியாகக் கருதுகின்றனர். கோயில் தடாகத்தின் நீர் புனிதமானால், அதன் கீழும் அதைச் சுற்றியும் உள்ள நிலத்தடி நீரும் புனிதமானதே. இந்த உணர்வைக் கிராமந்தோறும் வயலுக்குக் கொண்டு செல்ல, குருத்வாராக்களைவிடத் தகுந்த இடம் பஞ்சாபில் வேறில்லை.

ஆனால் உணர்வு மட்டும் போதாது. பருப்புக்கும் சோளத்துக்கும் அரசு உறுதியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். மாறும் ஆண்டுகளில் ஏற்படும் நட்டத்தைக் கமக்காரர் தலையில் மட்டும் சுமத்தக்கூடாது. ஐம்பது ஆண்டுகள் நாட்டுக்கு உணவளித்தவருக்கு நாடு பட்டுள்ள கடன் அது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றும் கட்டளையும் வேண்டாம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தி எமது நாடு பட்ட பாட்டை எமது கமக்காரர் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லின் கீழ் உள்ள நீரை மட்டுமே நம்பி வாழ்பவர்களுக்கு, இறைப்பும் பசளையும் கிணற்றுக்கு என்ன செய்யும் என்பதைப் பஞ்சாபியர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லங்கரில் ஒரு பந்தி எழுந்ததும் தரையைத் துடைத்து அடுத்த பந்தியை அமர்த்துகிறார்கள். வெளியே காத்திருப்பவருக்கு இடமும் உணவும் இருக்கும் என்பது அங்கே ஐயமற்ற நம்பிக்கை. நாம் உண்டு முடித்து எழும்போது, வாசலில் ஏற்கெனவே அடுத்தவர்கள் தட்டோடு நின்றிருந்தார்கள். அவர்களுள் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். பஞ்சாபின் நீரைப் பற்றி முடிவெடுப்பவர்கள் அந்த வாசலைப் பார்த்தபடி முடிவெடுக்க வேண்டும்.