தாலிக்குச் சாட்சி கேட்போர்

திருமணம் என்பது இருவருக்கிடையிலான உறவு என்றும், இரு குடும்பங்களுக்கிடையிலான உடன்படிக்கை என்றும், ஊரறிய நிகழும் சடங்கு என்றும் பலபடக் கூறப்படும். இலங்கைத் தமிழரிற் கணிசமான பகுதியினருக்கு இன்று அது யாவற்றிற்கும் மேலாக ஒரு கோவை. வெளிநாட்டிலிருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ சென்று சேர்வதற்கான வீசா விண்ணப்பத்துடன் இணைக்கப்படும் கோவை. நேர்முகப் பரீட்சைக்கு நாள் குறிக்கப்பட்டதும் நாளுக்கு நாள் தடித்துச் செல்லும் கோவை. அதனைத் தயாரித்தல் ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது. அத்தொழில், மெய்யாக மணம் புரிந்தோரைப் பொய்யுரைக்கப் பயிற்றும் தொழிலாகவும் மாறியுள்ளது என்பதே எமது குற்றச்சாட்டு.

கள்ளத் திருமணங்கள் உண்டல்லவா, ஆராயாமல் ஓர் அரசு எவ்வாறு அனுமதி வழங்கும் என வினவுவோர் உளர். ஆராய்தலை எவரும் மறுக்கவில்லை. எந்த அளவுகோலைக் கொண்டு ஆராய்கின்றனர், அவ்வளவுகோல் யாருடைய வாழ்க்கையிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது என்பனவே எமது வினாக்கள்.

அளவுகோலின் வரலாறு பெருமைக்குரியதன்று. 1979 சனவரியில், மணம் புரிவதற்கென இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்தியப் பெண்ணொருவர் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார். மணமாகாதவர் என அவர் கூறியதை நம்பாத அதிகாரிகள் உடலையே பத்திரமாக வாசிக்க முற்பட்டனர். செய்தி பத்திரிகையில் வெளிவந்த பின்னரே அவ்வழக்கம் கைவிடப்பட்டது. 1970களில் இவ்வாறு சோதிக்கப்பட்டோர் 80 பேருக்குக் குறையாதவர் என்பதை 2011இல் வெளிக்கொணரப்பட்ட பிரித்தானிய அரச ஆவணங்கள் காட்டின. உடலைச் சோதிப்பது நின்றது. உள்ளத்தைச் சோதிப்பது தொடர்ந்தது. 1980இல் வகுக்கப்பட்ட 'முதன்மை நோக்க' விதி, குடியேறுவது தனது திருமணத்தின் முதன்மை நோக்கமன்று என்பதை மணமகனே நிறுவ வேண்டும் என்றது. இல்லாத ஒன்றை இல்லையென நிறுவுதல் எவ்வாறு என்பதைத் தருக்கம் கற்றோர் கூறட்டும். பெண்களுக்கொரு நீதி, ஆண்களுக்கொரு நீதி எனப் பிரித்தானியக் குடிவரவு விதிகள் பாகுபாடு காட்டுவதாக ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தபொழுது, பிரித்தானிய அரசு ஆண்கள் மீதிருந்த சுமையை நீக்கவில்லை. பெண்கள் மீதும் அதனை ஏற்றிச் சமத்துவத்தை நிலைநாட்டியது! 1997இலேயே அவ்விதி ஒழிந்தது.

இலங்கைத் தமிழர் பெருமளவிற் குடியேறிய கனடாவிலோ அதன் நிழல் இன்னமும் உண்டு. தமிழ் இலக்கணம் கற்போர் இணைப்புச் சொற்களின் ஆற்றலை அறிவர். திருமணம் மெய்யானதன்று என்பதும், குடிவரவு உரிமை பெறுதலே அதன் முதன்மை நோக்கம் என்பதும் ஒருங்கே காணப்படின் விண்ணப்பத்தை மறுக்கலாம் என்று கனடிய ஒழுங்குவிதி முன்னர் கூறியது. 2010 செப்ரெம்பரில் அவ்விரண்டுக்கும் இடையே 'அல்லது' புகுந்தது. இன்று இருவரும் மெய்யாகவே இல்லறம் நடத்தினும், மணநாளன்று அவர்தம் நோக்கம் வேறாக இருந்ததென அதிகாரி கருதின் விதியின் எழுத்துப்படி மறுப்புக்கு அதுவே போதும். ஓர் இடைச்சொல் எத்தனை வீடுகளைப் பிரித்து வைக்க வல்லது!

நோக்கம் என்கிறார்களே, நோக்கமற்ற திருமணம் எங்குள்ளது? மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் சேவையிலும் பணியாற்றியோர் யாழ்ப்பாணம் வந்து பெண்ணெடுத்துச் சென்ற காலமொன்று இருந்தது. அவர்களது சம்பளமும் பின்னர் கிடைக்கவிருந்த ஓய்வூதியமும் மணமகளின் பெற்றோர் மனத்தில் இடம்பெறவில்லை என்று எவரும் சத்தியஞ் செய்யார். அரசாங்க உத்தியோகத்தனுக்குப் பெண் கொடுக்க முண்டியடித்த காலமும் அவ்வாறே. அத்திருமணங்கள் பொய்யாயினவா? பாதுகாப்பு, வருவாய், குலம், நிலம், பிள்ளைகளின் எதிர்காலம் ஆகிய யாவும் கலந்தே எமது சமூகத்தில் மணங்கள் பேசப்பட்டன. போர் நடந்த நாட்டிலே பாதுகாப்பான மண்ணை நாடுவதும் அக்கலவையில் ஒரு கூறாயிற்று. ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தினரும் வருவாய் பார்த்தே மணக்கின்றனர். எனினும் அவர்கள் ஒரே கடவுச்சீட்டை வைத்திருப்பதனால் எவரும் அவர்களிடம் நோக்கம் கேட்பதில்லை.

இனி எமது வழக்கம் அவர்களது கோவையில் எவ்வாறு தோன்றுகின்றது என்பதை நோக்குவோம். 'எழுத்து' முதலில் நடக்கும். தாலிகட்டு பின்னர் நடக்கும். விவாகப் பதிவாளர் முன் கையொப்பமிட்ட பெண் அன்று மாலையே தாய்வீடு திரும்புகிறாள். தாலி ஏறும்வரை அவளை எவரும் மனைவியாகக் கருதுவதில்லை, அவளும் கருதுவதில்லை. அதிகாரியின் கண்ணுக்கோ அவள் சட்டப்படி மனைவி, மாதக்கணக்கிற் கணவனுடன் வாழாத மனைவி, ஆகவே ஐயத்துக்குரியவள். அவ்வையத்துக்கு அவளது ஒழுக்கமே காரணமாகிறது. "கணவரை நேசிக்கிறீரா?" என்று மொழிபெயர்ப்பாளர் ஊடாகக் கேட்கப்படும்பொழுது அவள் தலைகுனிகிறாள். எமது ஊரில் அக்குனிவே விடை. எழுதப்படும் குறிப்பில் அது 'தயக்கம்' ஆகிவிடக்கூடும்.

பெயர்களின் அவலம் தனிக்கதை. எமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரே முன்னிற்கும். படிவமோ குடும்பப்பெயர் இல்லாத மனிதனை ஏற்பதில்லை. எனவே புலம்பெயர்ந்த மணமகனின் தந்தை பெயர் குடும்பப்பெயராகி, புது மனைவி அங்கு மாமனாரின் பெயரால் 'திருமதி' என அழைக்கப்படுகிறாள். (இதனைக் கேட்டுச் சிரிக்காத பாட்டியரை யாம் கண்டதில்லை.) பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தமிழில், கடவுச்சீட்டு ஆங்கிலத்தில். 'ஞான' எனத் தொடங்கும் ஒரு பெயர் ஒரு பத்திரத்தில் 'ஜீ' என்னும் ஆங்கில எழுத்திலும் மற்றொன்றில் 'என்' என்பதிலும் தொடங்கும். இடப்பெயர்வுகளில் மூலப் பத்திரங்களைப் பறிகொடுத்தோர் பின்னர் பெற்ற பிரதிகளில் இத்தகைய வேறுபாடுகள் மலிந்துள்ளன. இதற்கு வேண்டுவது நேர்மையான ஒரு சத்தியக் கடதாசி, வேறொன்றுமன்று.

ஆனால் நேர்மையை இன்று யார் பரிந்துரைக்கின்றனர்? ஒரே நாளில் மூன்று முறை உடைமாற்றி, கோயில் வீதியிலும் கடற்கரையிலும் உணவகத்திலும் படம் பிடித்து, பல மாத உறவாகக் காட்டுமாறு ஆலோசனை வழங்கப்படுகின்றது. சாதகம் பொருந்திப் பெற்றோர் பேசிய மணத்தை, நண்பர் வீட்டு விழாவிற் கண்டு மலர்ந்த காதலாக எழுதுவிக்கின்றனர். வட்ஸ்அப் உரையாடலில் அன்புமொழிகளை அளந்து இடுமாறு கூறுகின்றனர். வினாவிடைகளை இருவரும் க.பொ.த. பரீட்சைக்குப்போல் மனனஞ் செய்கின்றனர். மனனஞ் செய்த இருவரின் விடைகளில் ஒன்று பிசகினால் நேர்வது யாது? பொய்யுரைத்தமைக்காகக் கனடா விதிக்கும் நுழைவுத் தடை 2014 வரை 2 ஆண்டுகள்; அதன் பின்னர் 5 ஆண்டுகள். உண்மையான திருமணமொன்று தேவையற்ற ஒரு பொய்யினால் அழிகின்றது. ஆலோசகர் தமது கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

கள்ள மணத்தைப் பொறுத்தவரை இப்பயிற்சி அமிர்தம். விலைக்கு நடிக்க வந்தவனுக்கு வசனம் மறப்பதில்லை. தடுமாறுபவர்கள் மெய்யானவர்களே. எனவே இவ்வளவுகோல், தான் பிடிக்க வந்தவனைத் தப்பவிட்டு மற்றவனைப் பிடிக்கின்றது.

அக்கோவையிலிருந்து மறைக்கப்படும் பொருளொன்றும் உண்டு: சீதனம். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கென விற்கப்பட்ட வளவும், அடைவுக்குச் சென்ற நகையும் காதல் படங்களின் பின்னே மறைகின்றன. இதனை மறைப்பது வீசாவுக்காக மட்டுமன்று, எமது சொந்த வெட்கத்தை மறைப்பதற்கும் அது வாய்ப்பாகிறது. பிற நாட்டு அதிகாரியின் அநீதியைக் கண்டிக்கும் எமக்கு, பெண்ணின் விலையைப் பேசி முடித்துவிட்டு அதற்குக் காதல் எனப் பெயரிடும் எமது குடும்பங்களைக் கண்டிக்கும் கடமையும் உண்டு.

அத்தகைய பெண் அங்கு சென்று சேர்ந்தபின் அவளது நிலை யாது? 2012 ஒக்ரோபர் முதல் 2017 ஏப்ரில் வரை, புதிதாக மணமுடித்துச் சென்ற பலர் அழைத்தவருடன் 2 ஆண்டுகள் கூடி வாழ்ந்தால் மாத்திரமே நிரந்தர வதிவுரிமை நிலைக்கும் எனக் கனடா நிபந்தனை விதித்திருந்தது. அடிக்கும் கணவனை விட்டு விலகுவோருக்கு விலக்குண்டு. ஆயின் அடிபட்டதற்கும் சான்று காட்டல் வேண்டும். மணத்துக்குச் சாட்சி, அன்புக்குச் சாட்சி, காயத்துக்கும் சாட்சி.

பிரித்தானியா வேறொரு வழியைக் கண்டது. 2012இல் துணையை அழைப்பவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 18,600 பவுண் இருத்தல் வேண்டும் என்றது. 2024 ஏப்ரிலில் அத்தொகையை 29,000 ஆக்கியது. கடைகளிலும் உணவகங்களிலும் உழைக்கும் தமிழ்த் தொழிலாளிக்கு இதன் பொருள் வெளிப்படையானது. வர்க்கம் இங்கு முகமூடியின்றியே வந்து நிற்கின்றது. அவ்வகையில் இவ்விதிக்கு ஒரு நேர்மை உண்டு எனலாம்.

பல்கலைக்கழகத்தினராகிய எமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாகாது. எழுத்துக்கும் தாலிகட்டுக்கும் இடைப்பட்ட காலம் என்ன, பேச்சுத் திருமணத்தில் இருவரும் எவ்வாறு ஒருவரையொருவர் அறிகின்றனர், எமது பெயர்கள் எவ்வாறு அமைகின்றன, 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம் பதிவுக்கு எத்தகைய இடமளிக்கின்றது என்பவற்றை விளக்கும் குறிப்பொன்று, துறைசார்ந்தோரின் கையொப்பத்துடன் நல்ல ஆங்கிலத்தில் இருக்குமாயின், எந்த ஏழைத் தம்பதியும் தமது கோவையில் அதனை முதற்றாளாக வைக்கலாம்; பொய்க்கதை புனையத் தேவையில்லை. சடங்குகள் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதுவோர் எம்மிடையே குறைவில்லை. அக்குறிப்புக்கு நான்கு பக்கங்கள் போதும். தமிழ்த்துறையும் சமூகவியற்றுறையும் சட்டத்துறையும் ஒரு பிற்பகல் கூடியிருந்தால் அதனை எழுதி முடித்துவிடலாம்.