பில் கிடைக்கிற சுகாதாரம்

தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005 ஏப்ரலில் தொடங்கியபோது, அதன் பெரிய திட்டங்களுக்கு நடுவே ஒரு சிறு தொகையும் இருந்தது. 1,500 பேர் வரை வாழும் கிராமத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். எதற்குச் செலவழிப்பது என்பதை ஊர்க் குழு கூடி முடிவு செய்யலாம். துறையினர் 'அன்டைட் ஃபண்டு' என்று சொல்லும் இந்தப் பணத்தைத் தமிழ்நாட்டில் எடுக்க, ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்.

இருபது ஆண்டுகளில் விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. தொகை அதே 10,000தான். இங்கே ஊராட்சிக்கு இவ்வளவு என்றே தருவதால், ஐயாயிரம் பேர் வாழும் ஊராட்சியில் தலைக்கு இரண்டு ரூபாய். அரசின் மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கான உச்சவரம்பு ஆண்டுக்கு 5 லட்சம். காப்பீட்டுத் தொகை எல்லோருக்கும் செலவாவதில்லை, ஒப்பீடு முழுக்க நியாயமில்லைதான். ஆனாலும் நோய் வந்த பிறகு திறக்கும் கை, வருமுன் எவ்வளவு இறுகிக் கிடக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது.

தொகையைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2017 அறிக்கைப்படி, 27 மாநிலங்களில் இந்த இயக்கத்தின் செலவாகாத நிதி 2011-12இல் 7,375 கோடி. 2015-16இல் 9,509 கோடி. வந்த பணமே முழுதாகச் செலவாகவில்லை. கோளாறு, பணம் எப்படிச் செலவாகிறது என்பதில் இருக்கிறது.

பிளீச்சிங் பவுடரை எடுத்துக்கொள்வோம். மழைக்காலம் வந்தால் தெருவோரம் வெள்ளைக் கோடு போட்டதுபோல் தூவுகிறார்கள். குடிநீர்த் தொட்டியில் சரியான அளவில் கலந்தால் அது உயிர்காக்கும் பொருள். சாக்கடை ஓரத்தில் தூவினால் டெங்குவுக்கு ஒரு பயனும் இல்லை. டெங்கு கொசு வளர்வது வீட்டுக்குள் டிரம்மிலும் சிமென்ட் தொட்டியிலும் சேமித்த நல்ல தண்ணீரில். புகையடித்தாலும் பறக்கிற கொசு சாகுமே தவிர, தொட்டிக்குள் இருக்கும் புழு சாகாது. தண்ணீர் தினமும் வராத தெருவில் டிரம்மை மூட வலைத்துணி வாங்கிக் கொடுப்பதே உருப்படியான வேலை.

இது செவிலியருக்குத் தெரியாததல்ல. ஆனால் பவுடருக்குக் கடையில் ஜிஎஸ்டி பில் கிடைக்கும், தூவும்போது போட்டோ எடுக்கலாம், தணிக்கையில் கேள்வி வராது. ஆதரவற்ற பெண் ஒருத்தியை மருத்துவமனைக்கு அனுப்பும் செலவுக்கு இந்தப் பணத்தைத் தரலாம் என்று ஆரம்பகால வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஷேர் ஆட்டோக்காரர் எங்கே ரசீது தருகிறார்? 'பிக்மி' இணையதளத்தில் கர்ப்பிணிகள் பதிவு, தடுப்பூசி என்று ஏற்கெனவே பதிவேடுகளில் மூழ்கியிருக்கும் செவிலியர், 300 ரூபாய்க்காக விளக்கக் கடிதம் எழுதும் ஆபத்தை ஏன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்? அவரைக் குறைசொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆகவே மாற வேண்டியது தணிக்கை கேட்கும் கேள்வி. பில் எங்கே என்பதற்கு முன், எந்தத் தேதியில் குழு கூடியது, யார் யார் வந்தார்கள், என்ன முடிவு செய்தார்கள் என்று கேட்கட்டும். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே இந்தக் கணக்கை வரிவரியாகப் படித்து, ரசீதில்லாத சிறு செலவுகளுக்குச் சபையின் ஒப்புதலையே சான்றாக ஏற்கலாம். முன்னூறு ரூபாய் உண்மையில் யாருக்குப் போனது என்பது எந்த அதிகாரியைவிடவும் தெருக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அதன் பிறகு, தொகையை ஊருக்கு இவ்வளவு என்றில்லாமல் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு உயர்த்துவதில் அர்த்தம் உண்டு. மாநிலத்தின் சுமார் 12,500 ஊராட்சிகளுக்கும் தலா 10,000 கொடுத்தால் 12.5 கோடிதான் ஆகிறது. மூன்று மடங்காக்கினாலும் 40 கோடியைத் தொடாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு: கையெழுத்திட வேண்டிய ஊராட்சித் தலைவரே சில காலம் இருப்பதில்லை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி மறுபடி முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. பல ஊர்களைச் சேர்த்துப் பார்க்கும் அதிகாரி, ஒவ்வோர் ஊரிலும் உட்கார்ந்து எந்தத் தெருவில் டிரம்கள் திறந்து கிடக்கின்றன என்று பேசிக்கொண்டிருக்க மாட்டார். இத்தகைய இடைவெளிகளில், கையெழுத்துரிமையை அந்தந்த ஊரின் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்புக்கு மாற்றிக் கொடுக்க ஓர் அரசாணை போதும். வங்கிக் கணக்கு நடத்துவது அந்தப் பெண்களுக்குப் புதிதல்ல.