கேட்டதைக் கட்டிக் கொடுப்பது போதாது

பினாங்கில் மென்பொருள் எழுதும் பலரிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: வாடிக்கையாளர் கேட்ட அம்சங்களைப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இத்தொழிலில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை என்பேன்.

ஜார்ஜ் டவுனுக்கு 2019இல் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலி வந்தது. இப்படியொரு செயலிக்குப் பட்டியல் போடுவது எளிது: வண்டி எண்ணைப் பதி, கட்டணத்தைக் கழி, மீதி நேரத்தைக் காட்டு. ஆனால், மாநகர் மன்றம் பார்க்கிங் கட்டணம் வாங்குவது எதற்காக? வருமானத்துக்கு என்றால், இருந்த இடத்திலிருந்தே நேரத்தை நீட்டிக்கும் வசதி அருமையானது. ஒரே வண்டி நாள் முழுக்க இடத்தை அடைக்கக் கூடாது என்பதற்காக என்றால், அதே வசதி நோக்கத்தையே கெடுத்துவிடும். லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்க வந்தவர் இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்றுவார். அந்த வசதி வேண்டுமா, வேண்டாமா? பட்டியலில் இதற்கு விடை இல்லை.

விடை நோக்கத்தில் இருக்கிறது. மென்பொருள் தேவைகளை நோக்கங்களிலிருந்து வகுக்க ஆய்வாளர் வான் லாம்ஸ்வேர்ட் குழுவினரின் கேயாஸ் முறையும், டொராண்டோவில் எரிக் யூ உருவாக்கிய ஐ-ஸ்டார் முறையும் 1990களிலேயே வந்துவிட்டன. ஒவ்வொரு நோக்கத்தையும் ‘ஏன்’ என்று மேலேயும் ‘எப்படி’ என்று கீழேயும் கேட்டுக்கொண்டே போகச் சொல்கிறது கேயாஸ். ஒரு மனிதரோ ஓர் இயந்திரமோ தனியாகப் பொறுப்பேற்கக்கூடிய இடம் வரும்வரை நிறுத்தக் கூடாது. யார் யாரை நம்பியிருக்கிறார் என்று வரைந்து காட்டுகிறது ஐ-ஸ்டார்.

இதெல்லாம் பல்கலைக்கழகத்து வேலை, நேர விரயம் என்பார்கள் சிலர். அவர்கள் லண்டன் ஆம்புலன்ஸ் சேவையைப் பார்க்கட்டும். 1992 அக்டோபர் 26 அன்று அங்கே வண்டிகளை அனுப்பும் பொறுப்பு கணினிக்குப் போனது. ஒவ்வொரு வண்டியும் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பது பிசகின்றித் தெரியும் என்ற அனுமானத்தில்தான் அது நின்றது. அதற்கு ஊழியர்கள் உரிய நேரத்தில் உரிய பொத்தானை அழுத்த வேண்டும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் அழுத்த மறந்தால்? தகவல் பிசகியது, ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின, வண்டி வராதவர்கள் மறுபடி மறுபடி அழைத்தார்கள். மறுநாளே பாதி வேலை பழைய முறைக்குத் திரும்பியது. பயிற்சிக் குறைவு, நிர்வாகத்தின் அவசரம் எல்லாம் விசாரணையில் வெளிவந்தன. ஆனாலும் அந்த ஊழியரை ஒரு பொறுப்பாளராக வரைந்து, ‘இவர் செய்யாவிட்டால் என்ன ஆகும்’ என்று கேட்டிருந்தால் அந்த ஓட்டை காகிதத்திலேயே தெரிந்திருக்கும்.

‘முன்னணி நிறுவனமாவோம்’ போன்ற சுவர் வாசகங்களை நோக்கம் என்று ஏற்காதீர்கள். அவற்றிலிருந்து எந்தத் தேவையையும் பெற முடியாது. தேவை ஆவணத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்த நோக்கத்துக்கு, யார் பொறுப்பு, அவர் தவறினால் என்ன என்று எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத வரியை, கேட்டவர் முதலாளியே ஆனாலும், அடித்துவிடுங்கள்.