விதை நெல்லும் பாட்டுப் பெட்டியும்

நாஞ்சில் நாட்டுக் குடியானவர் ஒருவரிடம் போய், "ஐயா, உமது விதை நெல் முழுவதையும் ஒரே பானையில் போட்டு, அந்தப் பானையை நடைவாசலில் வைத்துவிடும்" என்று யாராவது யோசனை சொன்னால் அவர் என்ன செய்வார்? சொன்னவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தலைக்குத் தேய்த்துக்கொள்ள நல்லெண்ணெய் கொடுத்து அனுப்புவார். ஆனால் படித்தவர்களாகிய நாம் அந்தக் காரியத்தைத்தான் நாள் தவறாமல் செய்து வருகிறோம். நெல்லுக்குப் பதில் பாட்டு; பானைக்குப் பதில் ஹார்ட் டிஸ்க். அவ்வளவுதான் வித்தியாசம்!

நாகர்கோவிலில் நம்முடைய பழைய மாணாக்கர் ஒருவர் இருக்கிறார். மாடியில் ஒரு சிறு அறை; அதில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஒலிபெருக்கிகள், நாலைந்து மைக். குறும்படங்களுக்கு இசையமைத்து ஜீவனம் நடத்துகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஒரு நல்ல எண்ணம் உதித்தது. எழுபது வயதைக் கடந்த வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவர், அம்மன் கோவில் கொடையில் இரவு முழுதும் பாடப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அதைப் பதிவு செய்யப் புறப்பட்டார். ஒழுகினசேரியில் 1908-ம் ஆண்டு பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் கையாண்ட கலை அல்லவா? நாமும் துணைக்குப் போனோம்.

வில், குடம், உடுக்கை, கட்டை, தாளம், புலவரின் குரல், வலத்தே பாடுவோர், இடத்தே பாடுவோர் என்று எட்டு மைக் வைத்தார். சிலவற்றை இரவல் வாங்கியிருந்தார். ஒவ்வொரு மைக்கும் விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, ஓர் அளவுக்கு மூன்று பைட் வீதம் எழுதுகிறது. எட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மணிக்கு நாலு ஜிகாபைட்டுக்குச் சற்று அதிகம் ஆகிறது. ஐ.பி.எம். கம்பெனியார் 1956-ம் ஆண்டில் வெளியிட்ட முதல் டிஸ்க், இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பதைக் கொண்டது. எடை சுமார் ஒரு டன். அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துக்கள்தான். நம் பதிவுக்கு அது ஐந்து விநாடிகூடத் தாங்கியிராது. புலவர் காப்புப் பாடத் தொண்டையைச் சரி செய்வதற்குள் நிரம்பியிருக்கும்! இன்று சட்டைப் பையில் அடங்கும் ஆயிரம் ஜிகாபைட் டிஸ்கில், இரவுக்கு மூன்று மணி நேரம் வீதம் எண்பது இரவுக் கச்சேரிகளைச் சேமிக்கலாம்.

இந்தச் சௌகரியமே நம்மை அசட்டையாக்கிவிடுகிறது. மாணாக்கர் பதிவு முழுவதையும் அந்த ஒரே டிஸ்கில் வைத்துக்கொண்டு வேலை செய்தார். பத்தாம் நாள் இரவு, காபி எடுக்க எழுந்தபோது கால் கம்பியில் தட்டியது. மேஜையிலிருந்து டிஸ்க் கீழே விழுந்தது. இரண்டரை அடி உயரந்தான்.

உள்ளே நடந்தது இது. இவ்வகை டிஸ்கில் தட்டு நிமிஷத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல்கிறது. படிக்கும் முனை, தலைமயிரின் கனத்தைவிடப் பன்மடங்கு சிறிய இடைவெளியில், தட்டைத் தொடாமல் மிதக்கிறது. சுழலும்போது விழுந்தால் முனை தட்டில் மோதிக் கீறிவிடும். பிறகு 'டிக், டிக்' என்ற சப்தந்தான் கேட்கும். மறுநாள் காலை அந்தச் சப்தத்தை நாமும் கேட்டோம். பழுது பார்ப்பவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இன்னொரு தடவை பாடச் சொல்லலாம், சார்" என்றார் மாணாக்கர். அந்த ஐப்பசி மழையில் புலவர் படுத்தார், எழுந்திருக்கவில்லை. பேரன் செல்போனில் பிடித்து வைத்திருந்த பத்து நிமிஷம் மிஞ்சியிருக்கிறது. அதிலும் பாதி, பக்கத்தில் வெடித்த வாண வெடி.

யோசித்துப் பாருங்கள். இந்தக் கதைகள் பனையோலையில் இருந்தவை. ஓலையைச் செல் அரிக்கும், ஈரம் தின்னும். ஆனால் நம் முன்னோர் ஓலையை நம்பவில்லை. பிரதி செய்யும் கையை நம்பினார்கள். ஓர் ஏடு நைந்தால் வேறு வீட்டில் வேறு ஏடு இருந்தது. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ என்பவர் நம் காலத்தில் சொன்ன விதியும் அதுவேதான்: பிரதிகள் மூன்று; பெட்டி இரண்டு வகை; ஒரு பிரதி வேற்றிடத்தில். வேற்றிடம் எதற்கு? 2004 டிசம்பர் 26-ந் தேதி குளச்சல் கடற்கரையில் அலை புகுந்ததைக் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் பத்துப் பிரதி இருந்தாலும் வெள்ளத்துக்கு அது ஒன்றுதான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இசை பழகுவதானால் இவற்றைக் கவனிக்கட்டும். வேலை செய்வதற்குச் சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. டிஸ்க் உகந்தது, பல தடங்களையும் தடுமாறாமல் எடுத்துக் கொடுக்கும். ஆனால் அதை மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் பரணில் போட்டுவிடக் கூடாது, எழுதியது அழியலாம். சேமித்து வைக்கச் சுழலும் டிஸ்க் போதும், விலையும் குறைவு. கம்பியைப் பிடுங்குமுன் கம்ப்யூட்டரிடம் விடை பெற வேண்டும். எழுதி முடியாதது உள்ளே காத்திருக்கும். பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ஒலிக்கோப்பாக எழுதி வைக்க வேண்டும். இன்றைய மென்பொருள் நாளை இராது. ஒலிக்கோப்பை எவரும் திறக்கலாம்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் அந்த மாணாக்கர் பஸ் ஏறிச் சுசீந்திரத்துக்கு வருகிறார். புதிய பிரதியைக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்துச் செல்கிறார். நம் வீட்டில் நெல் இல்லாத பத்தாயம் ஒன்று இருக்கிறது. டிஸ்க் அதில்தான் வாசம். போன மாதம் கொண்டுவந்ததில், அந்தப் புலவருக்கு இடத்தே நின்று முப்பது ஆண்டு பின்பாட்டுப் பாடியவரின் குரல் இருந்தது. அவருக்கு வயது அறுபத்தெட்டு. பாதிக் கதைதான் ஆகியிருக்கிறது. மீதியை வரும் கொடைக்குள் பாடுவதாகச் சொல்லியிருக்கிறாராம்.