ரெட்டைப் பிள்ளைன்னா ஊருக்கு அனுப்பாதீங்க

பட்டணத்துல இருக்கிற நீங்க கோபப்பட்டாலும் பரவாயில்ல, சொல்லிடறேன். வயித்துல ரெண்டு பிள்ளைன்னு ஸ்கேன்ல தெரிஞ்சுட்டா, வளைகாப்பு முடிஞ்ச கையோட பொண்ணை எங்க மாதிரி கிராமத்துக்கு அனுப்பி வைக்காதீங்க. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான்ங்கிறது எனக்கும் பிடிச்ச வழக்கம்தான். ஆனா அது ஒத்தைப் பிள்ளைக்குக் கணக்குப் பார்த்து வெச்ச வழக்கம்.

ரெட்டையில பாதிக்கு மேல 37 வாரத்துக்கு முன்னாடியே பிறந்துடுது. ஒன்பதாம் மாசம் வளைகாப்புன்னு நாள் குறிச்சா, அந்த நாளுக்கு முன்னாடியே பிள்ளைங்க வந்துடலாம்!

எங்க ஊருக்குப் பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு. சாதாரணப் பிரசவம் நல்லாவே பார்ப்பாங்க, குறை சொல்லமாட்டேன். ஆனா ஆபரேஷன், ரத்தம், குறைமாசக் குழந்தைக்கு வார்டு மூணும் ஒரே இடத்துல வேணும்னா சீமாங் மையம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். அது எங்களுக்கு 40 கிலோமீட்டர்.

போன வருஷம் எங்க அண்ணன் மகள் சென்னையிலிருந்து அப்படித்தான் வந்தா. எட்டாம் மாசம். முகம் வீங்கி, கால் செருப்புக்குள்ள நுழையல. "ரெட்டைப் பிள்ளையில்ல, நீர் கோக்கத்தான் செய்யும்"னு பெரியவங்க பார்லித் தண்ணி காய்ச்சிக் கொடுத்தாங்க. "தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது சித்தப்பா, கண்ணுல பூச்சி பறக்குது"ன்னு அவ சொன்னதும் கிராம நர்சம்மாவைக் கூப்பிட்டேன். பிரஷர் 160/110. நர்சம்மா முகமே மாறிப்போச்சு. 108 வந்துது. வழியில ஆரம்ப சுகாதார நிலையத்துல வலிப்பு வராம இருக்க ஊசி போட்டு அனுப்பினாங்க. 33 வாரத்துல ஆபரேஷன். ஒண்ணு 1.8 கிலோ, இன்னொண்ணு 1.6. மூணு வாரம் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியிலேயே நின்னோம். இப்ப ரெண்டும் தவழுதுங்க.

இந்த ரத்தக்கொதிப்பு ரெட்டை சுமக்கிறவங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகமா வருமாம். அது மட்டுமில்ல. முதல் பிள்ளை தலை கீழா நல்லபடியா வந்தாலும், ரெண்டாவது குறுக்கே திரும்பிக்கலாம். அளவுக்கு மீறி விரிஞ்ச கர்ப்பப்பை பிரசவத்துக்கு அப்புறம் சட்டுனு சுருங்காது, ரத்தம் நிக்காது. ரெண்டு பிள்ளைக்கும் ஒரே நஞ்சுக்கொடின்னா, ஒண்ணுக்கு ரத்தம் கூடி இன்னொண்ணுக்குக் குறையுதான்னு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஸ்கேன் பார்க்கணும். இங்க எங்க போய்ப் பார்க்க?

ஆடு வளர்க்கிறவனுக்கு இது புதுசில்ல. ரெண்டு மூணு குட்டி சுமக்கிற ஆடு கடைசி மாசத்துல திடீர்னு தீனி எடுக்காம படுத்துக்கும். குட்டிங்க வயித்தை அடைச்சுக்கும், தாய் உடம்பு உருகி உருகிக் குட்டிக்குப் போகும். அந்த ஆட்டைத் தூரமா மேய்ச்சலுக்கு ஓட்டமாட்டோம். பட்டியிலேயே சோளம், தவிடு வெச்சுக் கண் முன்னால பார்த்துக்குவோம். பொண்ணை மட்டும் எட்டு மணி நேரம் பஸ்ல ஏத்தி விடுறோம்.

அப்ப அம்மா பட்டணத்துக்குப் போகலாமேன்னு கேப்பீங்க. அங்கதான் முடிச்சே இருக்கு. "சம்பந்தி வீட்டுல போய் மாசக்கணக்கா உக்காந்து சாப்பிடறதா"ன்னு இவங்களுக்குக் கூச்சம். ஊர் வாய் வேற. வீட்டுல கறவை மாடு நிக்கும், கொல்லையில கடலை கிடக்கும். அதனால மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே, வாய் திறந்து நீங்கதான் கூப்பிடணும். "வாங்க சம்பந்தி, பிரசவம் இங்கயே பார்ப்போம், நீங்க கூட இருந்தா போதும்"னு ஒரு வார்த்தை. சீர் செய்யறதைப் பத்தி அந்த நேரத்துல பேச வேண்டாம்.

மாட்டைப் பத்திக் கவலை வேண்டாம். எங்க தெருவுல இன்னொரு பொண்ணுக்கு இப்ப ரெட்டை. அவங்கம்மா போன வாரம்தான் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினாங்க. அவங்க ரெண்டு மாடும் எங்க கொட்டகையிலதான் நிக்குது. ஒண்ணு கொஞ்சம் உதைக்குது, அவ்வளவுதான்.