அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள்



சிட்னியின் வெஸ்ட்மீட், வென்ட்வர்த்வில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வெளியே பேசாத சங்கதி ஒன்று உண்டு. பிள்ளையின் பையில் போதைப்பொருள் இருந்ததென்று போலீஸ் வழக்குப் போட்டுவிட்டால், சொந்தக்காரர் காதுக்கு எட்டக்கூடாது, கோயிலில் நாலு பேர் கேட்கக்கூடாது. பரமட்டா கோர்ட்டில் முதல் தவணையிலேயே ஒப்புக்கொண்டு, அபராதத்தைக் கட்டிவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிடலாம் என்றுதான் பெற்றோருக்குத் தோன்றுகிறது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

நியூ சவுத் வேல்ஸில் போதைப்பொருள் வைத்திருந்ததற்கு லோக்கல் கோர்ட் அதிகபட்சமாக 2 ஆண்டு சிறையும் 2,200 டாலர் அபராதமும் விதிக்கலாம். சிறிய அளவோடு முதல்முறை பிடிபட்டவர் சிறைக்குப் போவது அபூர்வம். உண்மையான அடி குற்றத்தீர்ப்புப் பதிவாவதில்தான் விழுகிறது. மாணவர் விசாவிலோ தற்காலிக வேலை விசாவிலோ இருப்பவருக்கு, தண்டனை எவ்வளவு சிறியதானாலும், அந்தப் பதிவே விசா ரத்தாகக் காரணமாகலாம். இந்த ஊர் டாக்டர்களும் நர்ஸுகளும் தீர்ப்புவரைகூடக் காத்திருக்க முடியாது. 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டாலே 7 நாளுக்குள் தங்கள் பதிவு வாரியத்துக்கு அறிவித்தாக வேண்டும்.

வழக்கறிஞர் முதலில் கேட்பது, பொருள் இருப்பது இவருக்குத் தெரியுமா என்பதைத்தான். மலேசியாவிலிருந்து மெல்பர்ன் விமான நிலையத்தில் வந்திறங்கிய ஹீ கா டே என்பவரின் பையில், போலி அடித்தட்டுக்குக் கீழே 2.788 கிலோ ஹெராயின் கிடைத்தது. ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 1985இல் உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை என்றது. அவ்வளவு பெரிய வழக்கிலேயே இந்த நிலை. நாலைந்து மாணவர்கள் பங்கு போட்டு வாழும் வீட்டின் சோபாவுக்கு அடியில் கிடைத்த பொட்டலம் யாருடையது என்பதைச் சும்மா விட்டுவிட முடியுமா?

பிள்ளை உண்மையிலேயே வைத்திருந்தால்? அப்போதும் வழி இருக்கிறது. ஒப்புக்கொண்டவருக்கும் 1999ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 10ஆம் பிரிவில், குற்றத்தீர்ப்பைப் பதியாமலே மாஜிஸ்திரேட் வழக்கை முடிக்கலாம். சிகிச்சைக்குப் போன சான்றும் நன்னடத்தைக் கடிதங்களும் அதற்கு உதவும். 2024 பிப்ரவரியிலிருந்து, மிகச் சிறிய அளவோடு பிடிபட்ட பெரியவர்களை, கஞ்சா தவிர்த்த வழக்குகளில், கோர்ட்டுக்கு அனுப்பாமல் போலீஸார் 400 டாலர் அபராதத்தோடு விடவும் இடமுண்டு. சுகாதார ஆலோசனையை முடித்தால் அந்தப் பணமும் கட்ட வேண்டாம். ஆனால் இது போலீஸார் மனம் வைத்தால்தான்.

நம் பிள்ளைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் மரியாதையால்தான். அதிகாரி கேட்டதும், “எனக்கு மட்டுமில்லை, ஃபிரெண்ட்ஸுக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன்” என்று உண்மை விளம்பிகளாகிவிடுகிறார்கள். காசு வாங்காமல் கொடுத்தாலும் அது விநியோகம். தண்டனையும் பல மடங்கு. பெயரையும் முகவரியையும் கொடுத்துவிட்டு, “வழக்கறிஞரிடம் பேசிய பிறகு பேசுகிறேன்” என்று சொல்வது அவமரியாதை ஆகாது.

பணமில்லையே என்று தயங்க வேண்டாம். லீகல் எய்டின் 1300 888 529 எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும். தமிழில் பேச வேண்டுமானால் 131 450ஐ அழைத்து மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். இந்த இரண்டு எண்களையும் இன்றே உங்கள் பிள்ளைகளின் போனில் பதிந்து வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்