பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்

விஷச்சாராயம் என்றதும் நமக்குக் கள்ளக்குறிச்சிதான் நினைவுக்கு வரும். 2024 ஜூனில் பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏழை எளியவர்கள், மலிவாகக் கிடைத்ததைக் குடித்துவிட்டார்கள் என்று பேசினோம். பிறகு மறந்தோம்.

அதே ஆண்டு நவம்பரில், லாவோஸ் நாட்டில் வாங் வியங் என்ற சுற்றுலா ஊரில் வெளிநாட்டுப் பயணிகள் 6 பேர் இறந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 19 வயதுப் பெண்கள் இருவர், டென்மார்க் பெண்கள் இருவர், பிரிட்டனைச் சேர்ந்த ஒரு பெண் வழக்கறிஞர், ஓர் அமெரிக்கர். தங்கும் விடுதியில் இலவசமாக மது கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. கள்ளக்குறிச்சியில் உயிரைக் குடித்த அதே மெத்தனால்தான் அங்கேயும்.

மெத்தனால் வார்னிஷ், பெயின்ட் வேலைகளுக்குப் பயன்படும் ரசாயனம். விலை குறைவு. மதுவில் கலந்தால் வாசனையிலோ ருசியிலோ வித்தியாசம் தெரியாது. லாப ஆசையில் யாரோ கலந்துவிடுகிறார்கள். ஓட்டல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பாட்டிலுக்குள் இருப்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

இப்போது நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாலி, தாய்லாந்து என்று கிளம்புகிறார்கள். "குடிக்காதே" என்று சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது ஆபத்து என்பது என் கருத்து.

காரணம் இதுதான். மெத்தனால் உடனே காட்டிக்கொடுக்காது. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பிறகுதான் விஷம் வேலை செய்கிறது. அதற்கு 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகலாம். தலைவலி, வாந்தி, வயிற்றுவலி எல்லாம் ராத்திரி குடித்தது இன்னும் தெளியாதது போலவே இருக்கும். அப்புறம் பார்வை மங்கும், மூச்சு வாங்கும். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. தாமதித்தால் கண் போகும், உயிரும் போகும்.

அந்த நேரத்தில், "அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்" என்று ஒரு பிள்ளை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டால்? நம் கண்டிப்பே அதற்கு எமனாகிவிடும்.

ஆகவே இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இலவசமாகக் கொடுப்பதைத் தொடாதே. பக்கெட்டில் கலந்து கொடுப்பதையும், லேபிள் இல்லாத உள்ளூர்ச் சரக்கையும் தொடாதே. உன் கண்ணெதிரே சீல் உடைக்காத பாட்டிலை நம்பாதே. கண் மங்கினால் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு, குடித்ததை டாக்டரிடம் மறைக்காதே. எங்களுக்கு எந்த நேரமானாலும் போன் பண்ணு, திட்டமாட்டோம்.

இப்படிச் சொன்னால் குடிக்கச் சம்மதம் கொடுத்தது போல ஆகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. நீச்சல் கற்றுக்கொடுத்தால் கிணற்றில் குதிக்கச் சொன்னதாக அர்த்தமா? பிள்ளை பத்திரமாக ஊர் வந்து சேரட்டும், கண்டிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.